டிக் வெல்டிங் பழக பழைய மிஷின் வாங்குவோர் கவனத்துக்கு

ஏலக்காய் விவசாயிக்கு அறுவடைக் காலத்தில் உலர்த்தும் ஸ்டோர் நின்றுவிட்டால் நட்டம் அதிகம். பறித்த பச்சைக்காயில் ஏறக்குறைய 80 சதவீதம் ஈரம் உண்டு. அதை 10 முதல் 12 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். காய் குவியலாகக் கிடந்தால் பச்சை நிறம் மங்கும். புகைக்குழாயில் ஓட்டை விழுந்தாலோ காயில் புகை வாடை ஏறும். போடிநாயக்கனூர் ஏலத்தில் நிறம், பருமன், மணம் மூன்றையும் பார்த்தே விலை வைக்கிறார்கள்.

வெல்டரை மலைக்கு அழைத்து வருவதற்குள் ஒரு நாள் போய்விடும். ஆகவே வீட்டுப் பிள்ளை ஒருவர் வெல்டிங் கற்று, பழைய மிஷின் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்ல யோசனையே. ஆனால் பொருத்தமில்லாத மிஷினை வாங்கினால் முதல் வீணாகும்.

டிக் முறை எதற்கு?

இம்முறையில் டங்ஸ்டன் ஊசிக்கும் இரும்புக்கும் இடையே நெருப்பு எரியும். ஆர்கான் வாயு அதைச் சுற்றிக் காற்றைத் தடுக்கும். இணைப்புக் கம்பியை மறு கையால் ஊட்ட வேண்டும். 1942-இல் அமெரிக்காவில் விமானத் தொழிலுக்காகக் காப்புரிமை பெற்ற முறை இது.

எவர்சில்வர் தட்டு, மெல்லிய தகடு, சிறு குழாய் ஆகியவற்றுக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் துருவும் கரியும் ஏறிய பழைய புகைக்குழாய்க்கு ஏற்றதல்ல. அதற்கு ராடு வெல்டிங்கே சரி. எனவே ராடு, டிக் ஆகிய இரண்டும் செய்யக்கூடிய மிஷினையே சிறு விவசாயி தேட வேண்டும்.

எந்த மிஷின்?

எண்ணெய் ஊற்றிய பழைய டிரான்ஸ்பார்மர் மிஷின் மலிவாகக் கிடைக்கும். அதில் ஏ.சி. மின்சாரம் மட்டுமே வரும். இரும்பிலும் எவர்சில்வரிலும் டிக் செய்ய டி.சி. தேவை. ஆகவே அது உதவாது. எடையும் அதிகம், சரிவில் சுமந்து செல்ல முடியாது.

பழைய ரெக்டிபையர் மிஷினில் வால்வு வைத்த டிக் டார்ச்சைப் பொருத்தி வேலை செய்யலாம். ஆனால் ஊசியை உரசித்தான் பற்றவைக்க வேண்டும். புதிதாகப் பழகுவோருக்கு ஊசி முனை அடிக்கடி கெடும். டார்ச் பொத்தானை அழுத்தினால் உரசாமலே பற்றும் இன்வர்ட்டர் மிஷினே பழகுவதற்கு எளிது. ஒருவர் தூக்கிச் செல்லலாம். 160 அல்லது 200 ஆம்பியர் போதும்.

அலுமினியக் குழாய் ஒட்ட வேண்டுமானால் ஏ.சி., டி.சி. இரண்டும் தரும் மிஷின் வேண்டும். அதன் விலை கூடுதல். அந்த வேலை அடிக்கடி இல்லாதவர் அதை நாட வேண்டியதில்லை.

பணம் கொடுக்கும் முன்

2 மி.மீ. எவர்சில்வர் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். விற்பவரை அதில் ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. ஆம்பியரை 20-க்குக் குறைத்தாலும் நெருப்பு அணையாமல் நிற்க வேண்டும்.

2. பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். விசிறி சுற்ற வேண்டும். கருகல் வாடை வரக் கூடாது. தகட்டில் 60 சதவீதம் என்றிருந்தால், அங்கே குறித்த ஆம்பியரில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் ஒட்டலாம் என்று பொருள்.

3. நெருப்பு அணைந்த பிறகும் சில விநாடி வாயு வர வேண்டும். வாராவிட்டால் ஊசி கறுத்துவிடும்.

4. ஒட்டிய இடம் வெள்ளியாகவோ இளம் பொன்னிறமாகவோ இருந்தால் நல்லது. கறுத்திருந்தால் வாயுக் குழாயில் சோப்பு நீர் தடவிக் கசிவு பாருங்கள்.

5. உள்ளே உள்ள மின்பலகையைப் பழுது பார்த்திருக்கிறார்களா, உதிரிபாகம் மதுரையிலாவது கிடைக்குமா என்று கேளுங்கள்.

ஆர்கான் சிலிண்டர், ரெகுலேட்டர், டார்ச் ஆகியவற்றின் விலையையும் கூட்டுங்கள். மொத்தம் புது மிஷின் விலையை நெருங்கினால் பழையதை விட்டுவிடுங்கள்.

மின்சாரம்

தமிழகத்தில் பம்புசெட்டுக்குத் தந்த இலவச மின் இணைப்பில் வெல்டிங் மிஷினை மாட்டக் கூடாது. மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு உரிய இணைப்பில்தான் ஓட்ட வேண்டும். ஜெனரேட்டரில் ஓட்டுவோருக்கு, 100 ஆம்பியர் வரையிலான வேலைக்கு 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் போதும். மின் அழுத்தம் அடிக்கடி குறையும் இடத்தில் இன்வர்ட்டர் நின்றுவிடும். வாங்கும் முன் தோட்டத்தில் மின் அழுத்தத்தை அளந்து கொள்ளுங்கள்.

மலையில் கூடுதல் கவனம்

காற்றடித்தால் ஆர்கான் விலகி ஒட்டு துளைதுளையாகும். ஆகவே மறைப்புக்குள் ஒட்டுங்கள். ஆனால் தொட்டிக்குள்ளோ மூடிய குழிக்குள்ளோ ஒட்டாதீர்கள். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. தாழ்வில் தங்கி மூச்சை அடைக்கும். ஈரத் தரையில் நின்று ஒட்டக் கூடாது.

நாகம் பூசிய தகட்டை அப்படியே ஒட்டினால் வரும் புகை காய்ச்சலை உண்டாக்கும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் ஒட்டுங்கள். மருந்தோ டீசலோ இருந்த தொட்டியை ஒட்டவே கூடாது. ஜீப்பில் சிலிண்டரை ஏற்றும்போது ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டு, அசையாமல் கட்டுங்கள்.

பழகும் முறை

1.6 மி.மீ. ஊசியைக் கூராகத் தீட்டுங்கள். சாம்பல் அல்லது பொன்னிற முனை உள்ள ஊசியை வாங்கலாம். சிவப்பு முனை ஊசியில் கதிரியக்கமுள்ள தோரியம் இருப்பதால் அதன் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. டார்ச்சை மைனஸ் முனையில் மாட்டுங்கள். வாயுவை நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வரை வைத்து, 2 மி.மீ. தகட்டை 60 முதல் 70 ஆம்பியரில் தொடங்குங்கள். முதலில் கம்பி ஊட்டாமல் உருகிய குட்டையை நேர்கோட்டில் நகர்த்தப் பழகுங்கள். கை நிலைத்த பின் கம்பி ஊட்டலாம்.

முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டு வெல்டர் பயிற்சி உண்டு. அறுவடை தொடங்கும் முன்பே மிஷினை வாங்கிப் பழகி, ஸ்டோரின் பழுதுகளைச் சரி செய்துவிட்டால், காய் வரும் நாளில் வெல்டருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.