பங்கே இல்லை என்றால் கைரேகை எதற்கு?

“கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு நிலத்தில் பங்கு கிடையாது.” ஜவ்வாது மலையில் இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்த பெண் இருக்க முடியாது. இதைச் சொல்லும் அண்ணன் தம்பிகளே, அப்பா இறந்த பிறகு தங்கையைத் தேடி வருவதுண்டு. “பட்டா மாத்தணும், ஒரு கைரேகைதான்” என்று மலையிறக்கி, போளூருக்கோ திருப்பத்தூருக்கோ கூட்டிப்போவார்கள். பத்திரத்தைப் படித்துக் காட்டினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. டீ வாங்கிக் கொடுத்து மாலை பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அது விடுதலைப் பத்திரம் என்பது, நிலம் கைமாறும்போதுதான் அவளுக்குத் தெரியவரும்.

பங்கே இல்லாதவளிடம் கைரேகை எதற்கு?

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது அதன் 2(2) பிரிவு. இதைக் காட்டித்தான் பெண்களின் வாயை அடைக்கிறார்கள். சேலம் மாவட்டப் பழங்குடிக் குடும்பம் ஒன்றில் தாயும் மகளும் பங்கு கேட்ட வழக்கிலும் இதே வாதம் வந்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெண்களுக்குச் சமபங்கு உண்டு என்றது. 2025 ஜூலையில் சத்தீஸ்கர் கோண்டு குடும்ப வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே வழியில் நின்றது. பெண்ணை ஒதுக்கும் வழக்கம் இருக்கிறது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஊர்ப்பேச்சு நிரூபணம் ஆகாது.

சரி, கைரேகை வைத்தாகிவிட்டது. அதோடு முடிந்ததா? இல்லை. ஒருவர் தன்னை நம்பியிருப்பவரை, வயதையோ எழுத்தறியாமையையோ பயன்படுத்தி, தன் விருப்பத்துக்கு வளைத்து எழுதி வாங்கினால் அது ‘தகாத செல்வாக்கு’. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 16ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அடி உதை இருந்திருக்க வேண்டியதில்லை. நூறு வயது கடந்த, எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒரு பத்திரம் 2003இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்து பலன் அடைந்தவர்தான், எல்லாம் நேர்மையாக நடந்தது என்று காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம்.

காலக்கெடுவில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழக்கை, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். “அண்ணன் மனசு மாறுவான்” என்று காத்திருந்தே அந்த 3 ஆண்டும் போய்விடும்.

60 வயதைக் கடந்த பெற்றோருக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த பிறகு பிள்ளை கைவிட்டால், கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல் பின்னால் தகராறாகும்.

பட்டாவில் பெயர் மாறிவிட்டது என்று பயப்பட வேண்டாம்; பட்டா மட்டுமே உரிமையைத் தீர்மானிப்பதில்லை. முதலில் வில்லங்கச் சான்று எடுத்து, என்ன பத்திரம், எந்தத் தேதி என்று பாருங்கள். கல்லூரிக்குப் போகும் மகனோ மகளோ செல்போனிலேயே பார்த்துச் சொல்லிவிடலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் யாராக இருந்தாலும், வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் வைத்துத் தரும். இலவசத் தொலைபேசி எண் 15100.