மணமக்கள் வாய்மொழி

சைவத் திருமணத்தில் மிகக் குறைவாகப் பேசுவோர் மணமக்களே. வெள்ளவத்தை மண்டபங்களில் நிகழும் மணவினைகளை ஊன்றி நோக்குவோர் இதனை அறிவர். குருக்கள் மந்திரம் ஓதுகின்றார். பெரியோர் அறுகரிசி இட்டு வாழ்த்துகின்றனர். நண்பர்கள் வாழ்த்து மடல்களில் வெண்பாவும் விருத்தமும் பொழிகின்றனர். குருக்களைத் தொடர்ந்து சொல்லும் சங்கற்பம் நீங்கலாக, மணமக்களுக்கென ஒரு சொல் இல்லை.

இது இன்று நேற்று வந்த மௌனமன்று. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் காட்டும் மணத்திலே தீயுமில்லை, புரோகிதருமில்லை; மகப்பெற்ற மகளிர் நால்வர் நீராட்டி வாழ்த்துகின்றனர். அங்கும் மணமக்கள் அவையறியச் சொல்லும் உறுதிமொழி காணப்படவில்லை. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே மூத்தோர் கரணம் வகுத்தனர் என்கின்றது தொல்காப்பியம். சொல்லின்மேல் நம்பிக்கை குன்றியதனாலேயே சடங்கு பிறந்தது என்று கொள்ள இடமுண்டு அன்றோ?

கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயத்தில் நிலைமை வேறு. மணமக்கள் தம் சம்மதத்தை வெளிப்படுத்தினாலன்றிக் கத்தோலிக்கத் திருமணம் நிறைவேறாது. ஆயினும் அச்சொற்கள் திருச்சபை வகுத்தவை. பதிவாளர் முன்னிலையில் நிகழும் மணத்திற்கும் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொற்களை வகுத்தே தந்துள்ளது.

சொல்லையே மணமாக ஏற்கும் வழி தமிழகத்தில் எளிதிற் கிட்டியதன்று. பெரியார் தலைமையில் 1928இல் சுக்கிலநத்தத்திலே சுயமரியாதைத் திருமணம் நிகழ்ந்தது. இத்தகைய மணங்கள் செல்லா என 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அவ்வாறு மணந்தோரும் அவர்தம் மக்களும் சட்டத்தின் முன் நிலையிழந்தனர். அண்ணா முதலமைச்சராயிருந்த 1967ஆம் ஆண்டுத் திருத்தமே, உற்றார் நண்பர் முன்னிலையில் இருவருக்கும் விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறினும் மணமாம் என்று, முன்னர் நிகழ்ந்தவற்றுக்கும் சேர்த்து வகை செய்தது.

இப்போது தமக்கென உறுதிமொழி வேண்டும் மணமக்கள் தமிழாசிரியரை நாடுவதுண்டு. எழுதித் தருதல் தவறன்று. வாக்குறுதியையே வழங்கிவிடுதல்தான் தவறு. பிழை திருத்தலாம், மிகை நீக்கலாம். ‘என்றென்றும்’ என்ற சொல்லை இருமுறைக்கு மேல் வைத்தால் ஒன்றைத் துணிந்து வெட்டலாம். ஆனால் எதனைச் செய்வேன் என்பதை உரியவரே சொல்ல வேண்டும். பிறமொழி உறுதிமொழிகளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வருவோருக்கு இது இன்னும் தேவை. அவ்வரிகளில் காப்புறுதிப் பத்திரத்தின் வாடையே வீசும்.

பெருந்தடை ஒரு சிறு சொல்லில் உள்ளது. அவன் அவளை ‘நீ’ என்பான். அவள் அவனை ‘நீங்கள்’ என்பாள். சமநிலை பேசும் உறுதிமொழி முதற் சொல்லிலேயே சாய்ந்துவிடும். இருவரும் ‘நீ’ என்றால் மூத்தோர் முகஞ்சுளிப்பர். இருவரும் ‘நீங்கள்’ என்றால் அலுவலகக் கடிதம் போலாகும். இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தார் வழக்கு கைகொடுக்கின்றது. தமிழகப் பேச்சில் அருகிவிட்ட ‘நீர்’ இங்கே வீட்டுப் பேச்சிலும் வாழ்கின்றது. மதிப்பும் நெருக்கமும் அதில் ஒருங்கே உண்டு. எனினும் அதனைக் கணவன் மனைவியிடம் ஆளுவதே பெருவழக்கு. மனைவியும் கணவனை அவ்வாறே அழைக்க இருவீட்டாரும் இசைவரா என்பதை, எழுதத் தொடங்குமுன் கேட்டுக்கொள்வது நன்று.