ரித்விக் கட்டக்: காலந்தாழ்ந்து வந்த திறனாய்வுப் புகழ்

ஓர் இயக்குநரின் திறனாய்வுப் புகழ் அவருடைய படங்களின் தரத்தால் மட்டும் அமைவதன்று. அப்படங்கள் எப்போது, யார் கண்ணில் பட்டன என்பதாலும் அமைகின்றது. வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக் இதற்குத் தக்க சான்றாவார். அவருடைய முதற்படமான ‘நாகரிக்’ 1952ஆம் ஆண்டிலேயே நிறைவுற்றது. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ வெளிவந்ததோ 1955இல். எனினும், 1976இல் கட்டக் மறைந்து, மறு ஆண்டில்தான் ‘நாகரிக்’ திரையைக் கண்டது. புதிய வங்காளத் திரைப்படம் ராயிடமிருந்தே தொடங்குகின்றது என்னும் வரலாறு அதற்குள் நிலைபெற்றுவிட்டது.

கட்டக்கின் பெயரை வாழவைத்தோருள் அவர்தம் மாணவர்களே முதன்மையானவர்கள் எனலாம். 1960களின் நடுப்பகுதியில் புனே திரைப்படக் கல்லூரியில் அவர் கற்பித்த காலம் குறுகியதே. ஆயினும் மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் ஆகியோர் அவரிடம் பயின்றனர். (ஆபிரகாமின் ‘அக்ரகாரத்தில் கழுதை’, 1977, தமிழ்ப்படம் என்பது நமக்கு நினைவிருத்தல் வேண்டும்.) 1973இல் வெளிவந்த ‘தித்தாஸ் ஏக்தி நதீர் நாம்’ சீரமைக்கப்பட்டு கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது 2010இல்தான்.