புத்தம்புது மீனும் புழுவும்

கடலில் பிடிக்கப்படுபவை நமக்கு ஹலால் ஆக்கப்பட்டுள்ளன (அல்குர்ஆன் 5:96). கடல் தரும் புதிய இறைச்சியை அல்லாஹ் தன் அருட்கொடைகளுள் ஒன்றாகவும் எடுத்துரைக்கின்றான் (16:14). புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவந்திருந்தால் மனநிறைவோடு வாங்கி வருகின்றோம். மீன் கெடவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளமே. ஆயினும், புழு இல்லை என்பதற்கு அது சான்றாகாது. புதிய மீனில் புழுவும் உயிரோடிருக்கும்.

கடல் மீன்களில் காணப்படும் ‘அனிசாகிஸ்’ என்னும் வெண்ணிறப் புழு 2 அல்லது 3 சென்டிமீட்டர் நீளமுடையது. கடிகாரச் சுருள்வில் போல் சுருண்டு குடலருகே கிடக்கும். மீன் இறந்தபின் அது வயிற்றுச் சதைக்குள் நகரக்கூடும். எனவே, வாங்கிய உடனே குடலை அகற்றிவிடுதல் நலம். உயிருள்ள புழு நம் வயிற்றை அடைந்தால், சில மணி நேரத்திலேயே கடும் வலியும் வாந்தியும் உண்டாகலாம்.

எலுமிச்சைச் சாறோ, தடவி ஊறவைக்கும் உப்பு மசாலாவோ அதனைக் கொல்வதில்லை, நெருப்பே கொல்லும். துண்டின் நடுப்பகுதி 63 டிகிரி வெப்பத்தை எட்ட வேண்டும். கொதித்து இறங்கும் நம் புளிக்குழம்பில் இதுபற்றிய அச்சமில்லை. தடித்த வஞ்சிரத் துண்டை வெளியே முறுகலாகவும் உள்ளே வேகாமலும் பொரித்தெடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே கவலைக்குரியது. ஒவ்வாமை உடைய சிலருக்கோ, வெந்து மடிந்த புழுவாலும் உடலில் தடிப்பு ஏற்படுவதுண்டு.

பிரான்சில் வாழும் நம் உறவினர்களுக்குப் பச்சை மீன் உணவு புதிதன்று. பச்சையாக உண்ணப்படும் கடல் மீனை மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் உறையவைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவிதி. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகள் பல அந்தக் குளிரை எட்டுவதில்லை. அவற்றை நம்பி மீனைப் பச்சையாக உண்ணலாகாது.