மோட்டார் பின் சீட்: கழற்றுவது சுலபம், மாட்டும்போதுதான் கவனம்

லிங்கி பக்கம் தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டார் ஓட்டுபவரா நீங்கள்? பின்னால் மனைவியோ பிள்ளையோ உட்காரும் சீட் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

யமஹா ஆர்25 போன்ற வண்டிகளில் பின் சீட் தனி. சாவியைப் போட்டுத் திருப்பி, முன்பக்கத்தைத் தூக்கி முன்னால் இழுத்தால் வந்துவிடும். மாட்டும்போது சீட்டின் பின்பக்க நாக்கு முதலில் பிடிக்குள் நுழைய வேண்டும். அதன் பிறகே முன்பக்கத்தை 'டக்' என்று சத்தம் வரும்வரை அமுக்க வேண்டும். நாக்கு வெளியே நின்றுவிட்டால் பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும். மேடு பள்ளத்தில் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். அதனால் வால் பகுதியைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள்.

நம்ம கப்சாய் கதை வேறு. ஹோண்டா இஎக்ஸ்5-இல் ஒரே நீள சீட், அடியில் பெட்ரோல் டாங்கி. எண்ணெய் ஊற்றும்போதெல்லாம் திறந்து மூடுகிறோம், பூட்டு தேயாமல் என்ன செய்யும்? சாலைக் குலுக்கலில் கீலும் தளரும். சீட்டை முழுசாகக் கழற்ற அந்தக் கீலை அவிழ்க்க வேண்டும். டாங்கி பக்கத்திலேயே இருப்பதால் சிகரெட்டை அணைத்துவிட்டு வாருங்கள். நட்டு தொலைந்துபோனால் கம்பி கட்டிச் சமாளிக்காதீர்கள், புதுசு வாங்கிப் போடுங்கள்.

மூடுவதற்கு முன் சீட்டின் அடியில் உள்ள ரப்பர் கட்டைகளையும் எண்ணிவிடுங்கள். ஒன்று விழுந்திருந்தாலும் சீட் ஆடும்.