ஐந்து தடவை இடம்பெயர்ந்த ஆயர்

எகிப்தின் அலெக்சாந்திரியா நகருக்கு 328ஆம் ஆண்டு ஆயரானவர் புனித அத்தனாசியார். இறைமகனும் படைக்கப்பட்டவரே என ஆரியுஸ் என்னும் குரு போதித்தார். 325இல் கூடிய நீசேயாப் பொதுச்சங்கம் அதை மறுத்தது. பின்னர் அரசவையின் போக்கு மாறியது, அத்தனாசியார் மாறவில்லை. 45 ஆண்டுப் பணிக்காலத்தில் ஐந்து தடவைகள், ஏறக்குறைய 17 ஆண்டுகள், ஊரைப் பிரிந்து வாழ்ந்தார்.

356இல் ஓர் இரவு, மக்கள் செபித்துக்கொண்டிருந்த ஆலயத்தினுள் படையினர் புகுந்தனர். தப்பிய ஆயரைப் பாலைவனத் துறவிகள் ஆறு ஆண்டுகள் மறைத்துக் காத்தனர். அவர் அங்கும் எழுதுவதை நிறுத்தவில்லை.

வனத்து அந்தோனியாரின் வரலாற்றையும் அவரே எழுதினார். பிறருக்குப் பாரமாகாதிருக்க அந்தோனியார் மண்வெட்டியும் கோடரியும் சிறிது தானியமும் கேட்டுப் பெற்று, நீருள்ள சிறு நிலத்தைக் கொத்தி விதைத்தாராம். வருவோருக்கென மரக்கறியும் நட்டாராம். விலங்குகள் பயிரை அழித்தபோதும் கைவிடவில்லையாம்.

அன்பர்களே, மண்ணை இழந்தவரின் வேதனையை நாம் அறிவோம். அத்தனாசியார் 366இல் ஊர் திரும்பி, 373இல் தம் மக்கள் நடுவே கண்மூடினார். ஊரை இழந்த நாட்களிலும் தம் பணியை அவர் இழக்கவில்லை. கிடைத்த துண்டு நிலத்தில் நாமும் ஒரு பாத்தி கட்டுவோம்.