பானெட்டைத் திறந்தால்… – 11: காலையில் மட்டும் முரண்டு

செல்ஃப் நன்றாகத்தான் அடிக்கிறது, வண்டி மட்டும் பிடிக்கமாட்டேன் என்கிறது. பத்துப் பதினைந்து விநாடி இழுத்த பிறகு இருமிக்கொண்டே எழுந்திருக்கும். அதற்கப்புறம் ராத்திரி வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. பேட்டரி, ஹீட்டர் பிளக் இரண்டையும் போன வாரம் பார்த்தாயிற்று. அவை சரியாக இருந்தும் இந்த முரண்டு தொடர்ந்தால் ஒர்க்‌ஷாப்பில் அடுத்துக் காதில் விழுவது, ‘இன்ஜெக்டர் போயிருச்சு சார்’. போயிருக்கலாம். ஆனால் ஒழுகுகிறதா, அடைத்திருக்கிறதா, ரிட்டர்ன் அடிக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. இதைச் சொல்லாமல் நாலு இன்ஜெக்டருக்கும் சேர்த்து எஸ்டிமேட் போடுகிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பெட்ரோல் வண்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் பெட்ரோல் பற்றும். சூடான இன்ஜினில் வால்வின் முதுகில் பட்டதுமே ஆவியாகிவிடும். குளிர்ந்த இன்ஜினில் ஈரமாக அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரிக் காலைகளில் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இறங்கும். மேட்டுப்பாளையத்தில் சமர்த்தாக இருந்த வண்டி மேலே ஒரு ராத்திரி நின்றதும் அடம்பிடிப்பது இதனால்தான். இதை ஈடுகட்ட, கூலன்ட் சென்சார் காட்டும் வெப்பநிலையைப் பார்த்து, ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இன்ஜெக்டரை வெகுநேரம் திறந்து வைக்கிறது. சூடான ஐடிலிங்கில் 2, 3 மில்லி செகண்ட் திறந்தால் போதும். குளிர்ந்த கிராங்கில் அது பல மடங்கு. முனையில் பிசின் படிந்த இன்ஜெக்டர் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். தூவவேண்டியது தாரையாக ஊற்றும், அளவும் பற்றாது. வண்டி ஓடிச் சூடானதும், சுமார் 300 டிகிரியில் கண்விழிக்கும் ஆக்சிஜன் சென்சார் பற்றாக்குறையைக் கண்டுபிடித்துக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். கோளாறு பகலில் ஒளிந்துகொள்வதன் ரகசியம் இதுதான்.

கூலன்ட் சென்சாரே பொய் சொன்னாலும் இதே கூத்து நடக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஸ்கேனரை மாட்டினால் கூலன்ட் வெப்பநிலையும், உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். கூலன்ட் மட்டும் 70 டிகிரி என்று காட்டினால் இன்ஜெக்டரைத் தொடவே வேண்டாம்.

சென்சார் சரி என்றால், காசில்லாத இரண்டு சோதனைகள் இருக்கின்றன. காலையில் செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பின்சீட்டுப் பக்கமிருந்து இரண்டு விநாடி பம்ப்பின் ‘ஊம்’ சத்தம் கேட்கும். அணைத்துவிட்டு மறுபடி, இப்படி மூன்று தடவை. அப்புறம் அடித்த உடனே பிடித்துக்கொண்டால், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயான ரெயிலில் நிற்கவேண்டிய 3, 4 பார் அழுத்தம் ராத்திரியில் வடிந்துபோகிறது என்று பொருள். இன்னொன்று, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிப்பது. பெரும்பாலான வண்டிகளில் அப்போது ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விடும். அப்படிப் பிடித்து, கருப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் உள்ளே பெட்ரோல் தேங்கியிருக்கிறது. இரண்டு சோதனையும் ‘ஆம்’ என்றால் இன்ஜெக்டர் ஒழுகுகிறது. முதலாவது மட்டும் ‘ஆம்’ என்றால் டேங்குக்குள் இருக்கும் பம்ப்பின் செக் வால்வைச் சந்தேகப்படுங்கள்.

ஒழுகுவது எது என்று கண்ணால் பார்க்க, ரெயிலை இன்ஜெக்டர்களோடு சேர்த்துத் தூக்கி, முனைகளுக்குக் கீழே காகிதம் விரித்துப் பம்ப்பை ஓடவிடுவார்கள். வால்வு மூடியிருக்கும்போது முனை காய்ந்திருக்கவேண்டும். ஒழுகும் இன்ஜெக்டரின் முனையில் ஒரு துளி திரண்டு, கனத்து, காகிதத்தில் விழும். தீப்பொறிக்கு இடம் தரக்கூடாத வேலை இது. தெரிந்த மெக்கானிக் செய்யட்டும். அடைப்பு என்றால் கழற்றி அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, டெஸ்ட் பெஞ்சின் கண்ணாடிக் குழாய்களில் நான்கின் அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது சரியான வழி. டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் லேசான படிவுக்குக் கொஞ்சம் உதவும்; தேய்ந்து ஒழுகும் வால்வை எந்தப் பாட்டிலும் அடைக்காது.

எத்தனால் கலந்த பெட்ரோல்மேல் பழி போடுகிறவர்கள் இப்போது அதிகம். ஆவியாக எத்தனால் கூடுதல் வெப்பம் கேட்கும் என்பது உண்மைதான். அதிலேயே ஓடும் பிரேசில் நாட்டுக் கார்களில், குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்ய மட்டும் பானெட்டுக்குள் ஒரு குட்டிப் பெட்ரோல் டேங்க் வைத்திருந்தார்கள். 2009-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஈ-ஃப்ளெக்ஸ், எரிபொருளைச் சூடாக்கி அனுப்பி அந்த டேங்கை ஒழித்தது. நம்முடைய 20 சதவீதக் கலப்புக்கு அதெல்லாம் தேவைப்படாது.

டீசல் வண்டியில் கதை வேறு. 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் அறிமுகமான காமன் ரெயில், 2007-ல் ஸ்விஃப்ட் டீசல் வழியாக நம் தெருக்களுக்கு நன்றாகப் பழகிவிட்டது. இதில் செல்ஃப் அடிக்கும்போதே ரெயிலில் சுமார் 200 பார் ஏறவேண்டும் (வண்டிக்கு வண்டி மாறும்). ஏறாதவரை ஈசியூ இன்ஜெக்டரைத் திறக்காது. இன்ஜெக்டருக்குள் கடுகளவு குண்டு ஒன்று உட்காரும் இடம் தேய்ந்தால், டீசல் சிலிண்டருக்குப் போகாமல் ரிட்டர்ன் குழாய் வழியே டேங்குக்கே திரும்பிவிடும். குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி கிராங்க் மெதுவாகச் சுற்றும்போது, பம்ப் ஏற்றுவதையெல்லாம் இந்த ஓட்டை தின்றுவிடும்.

முதலில் சைலன்சரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை: ஹீட்டர் பிளக், கம்ப்ரெஷன், கெட்டுப்போன தூவல் என்று தேடலாம். புகையே இல்லையென்றால் டீசல் உள்ளே போகவில்லை. அப்போது பம்ப் கடைக்காரர் நான்கு அளவுக் குப்பிகளை எடுப்பார். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலும் ஒரு டியூபைச் செருகிக் குப்பியில் விட்டுவிட்டு செல்ஃப் அடிப்பார். மூன்று குப்பிகளில் அடி நனைந்திருக்க, நான்காவதில் டீசல் மளமளவென்று ஏறினால் குற்றவாளி அதுதான். நான்கும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் பம்ப்பையோ, ஃபில்டர் பக்கம் காற்று பிடிப்பதையோ பார்க்கவேண்டும். ஸ்கேனரில் கிராங்கிங் நேர ரெயில் அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டால் சந்தேகமே மிஞ்சாது.

பழைய டீசல் வண்டிப் பழக்கத்தில், ஓடும் இன்ஜினில் ஹை பிரஷர் பைப்பின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் வேலையை மட்டும் யாரையும் செய்யவிடாதீர்கள். 1000 பாருக்கு மேல் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும்; ஆனால் உடனே ஆபரேஷன் தியேட்டருக்குப் போகவேண்டிய காயம் அது.

மாற்றவேண்டியது ஒன்றுதான் என்று தெரிந்தபின் மூன்று விஷயங்களைக் கேட்டுவாங்குங்கள். இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் புதிதாக இருக்கவேண்டும். பழையதையே போட்டால் கம்ப்ரெஷன் ‘சுக் சுக்’ என்று கசிந்து, சுற்றிலும் தார் போலக் கரி கட்டும். கிளாம்ப் போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கவேண்டும். புது இன்ஜெக்டரின் தலையில் அச்சிட்டிருக்கும் குறியீட்டை ஸ்கேனர் வழியாக ஈசியூவில் ஏற்றவேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரும் அளவில் இம்மியளவு மாறும்; அந்தக் குறியீடு இல்லாமல் ஈசியூவுக்கு அது தெரியாது. வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், ஐடிலிங்கில் நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு இன்ஜின் மவுன்ட்டை மாற்றிப் பணம் கட்டியவர்கள் உண்டு.

(தொடரும்)

அடுத்த வாரம்: டேங்குக்குள் இருக்கும் பம்ப், அதன் செக் வால்வு, ரிசர்விலேயே ஓட்டும் பழக்கம்